கால்குலேட்டரும் பென்டிரைவ் போலத் திறக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களுக்கான கருவிகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, வரைபடம் வரைந்து காட்டும் கிராஃபிங் கால்குலேட்டரை ஒரே வரியில் கடந்துபோனது. நான் கணித ஆசிரியை. அந்தக் கருவியைக் கணினியோடு இணைக்க மாணவர்கள் படும் பாட்டை யாராவது எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

எதற்காக இணைக்க வேண்டும்? நீளமான புரோகிராம் ஒன்றை அந்தச் சின்னப் பொத்தான்களில் தட்டிப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-84 பிளஸ் மாடலில் ராம் என்னும் தற்காலிக நினைவகத்தை ரீசெட் செய்தால் அதில் உள்ள புரோகிராம் எல்லாம் போய்விடும். ஆர்க்கைவ் என்னும் நிரந்தரச் சேமிப்பில் போட்டு வைத்தது மட்டும் தப்பும். கணினியில் ஒரு பிரதி இருந்தால் நிம்மதி.

முதல் தொல்லை கேபிள். 1999-இல் வந்த டிஐ-83 பிளஸில் யூஎஸ்பியே கிடையாது, 2.5 மி.மீ. துளையும் அதற்கென்று தனிக் கேபிளும்தான். 2004-இல் வந்த டிஐ-84 பிளஸில் மினி யூஎஸ்பி இருக்கிறது. ஆனால் சில கேபிள்கள் சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும். உள்ளே மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் இருக்கும், தகவல் போகும் இரண்டு கம்பிகள் இருக்காது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கால்குலேட்டர் கெட்டுவிட்டது என்று ஒரு மாணவி அழுதுகொண்டே வந்தாள். வேறு கேபிளைச் செருகியதும் கணினி அதைக் கண்டுகொண்டது. டேட்டா கேபிளா என்பதை மேலேயே அச்சடித்தால் என்ன?

கேபிள் சரி, அப்புறம் மென்பொருள். பல மாடல்களுக்குத் தயாரிப்பாளரின் தனி மென்பொருளும், கருவியோடு பேசக் கணினிக்கு உதவும் டிரைவரும் வேண்டும். கணினியின் இயங்குதளம் மாறினால் அவை நின்றுபோகலாம். 2019-இல் மேக் கணினிகளுக்கு வந்த கேட்டலினா இயங்குதளத்தில் பழைய வகையான 32-பிட் செயலிகள் எதுவுமே ஓடாது. கால்குலேட்டரோ இன்னும் நன்றாக உழைக்கும். டிஐ கால்குலேட்டர்களைக் கணினியோடு இணைக்கும் டில்ப் போன்ற திறமூல மென்பொருளை எழுதிக் கொடுத்த ஆர்வலர்கள் இல்லையென்றால், பழைய மாடல் வைத்திருக்கும் பிள்ளைகள் பாடு திண்டாட்டம்தான். அந்த ஆர்வலர்களுக்கு மனமார்ந்த நன்றி.

இதை எளிதாகச் செய்ய முடியாதா? முடியும். கேசியோவின் எஃப்எக்ஸ்-சிஜி50-ஐக் கணினியில் செருகி எஃப்1 அழுத்தினால் பென்டிரைவ் போலவே திறக்கிறது. பைத்தான் மொழியில் எழுதிய புரோகிராம் கோப்பை இழுத்துப் போட்டு, முறைப்படி எஜெக்ட் செய்துவிட்டுக் கேபிளை எடுக்கலாம். தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். நம்வொர்க்ஸ் கால்குலேட்டர் குரோம் பிரவுசர் வழியாகவே இணைகிறது.

மற்ற தயாரிப்பாளர்களும் இனி வரும் மாடல்களில் இப்படிச் செய்ய வேண்டும். விற்பனையை நிறுத்திய மாடல்களுக்கான மென்பொருளையும் டிரைவரையும் தங்கள் இணையதளத்திலிருந்து எடுத்துவிடக் கூடாது. அண்ணன் பயன்படுத்திய கால்குலேட்டரைத்தான் பல வீடுகளில் தங்கையும் பயன்படுத்துகிறாள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை ஒருவர்