பெரிய வீல் வேண்டாம், உயரமான டயர் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொண்டி தொடங்கி சாயல்குடி வரை, ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் ஜீப் வகை வண்டிகள் பெருகிவிட்டன. மீன் எடுக்கப் போகிறவர், உப்பளம் பார்க்கிறவர், இறால் பண்ணைக்காரர், தோப்புக்காரர் எனப் பலர் வேலைக்காகவே வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு செய்கிற முதல் செலவு வீல் மாற்றுவது. 20 அங்குல அலாய், அதன் மேல் முரட்டுப் பட்டன் (சாலையில் படும் ரப்பர் கட்டை) டயர். கொஞ்ச நாளில், "வண்டி தூக்கித் தூக்கிப் போடுது, ஷாக் போயிடுச்சு போல" என்று ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறார்கள். ஷாக்கில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. காசு கொடுத்து வாங்கி மாட்டிய வீல்தான் இடுப்பை ஒடிக்கிறது.

சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடியை முதலில் வாங்குவது டயரின் சைடு வால், அதாவது ரிம்முக்கும் பட்டனுக்கும் இடையே உள்ள பக்கச் சுவர். ஸ்பிரிங், ஷாக் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஜல்லி, சாலை வெடிப்பு, வேகத்தடையின் விளிம்பு மாதிரியான சின்ன அடிகளை, ஸ்பிரிங் அசைவதற்கு முன்பே டயர் விழுங்கிவிட வேண்டும். சைடு வால் குட்டையானால் விழுங்க இடமில்லை. டயரில் எழுதியிருப்பதை வைத்தே இதைக் கணக்குப் போட்டுவிடலாம். 255/65 ஆர் 18 என்றால் டயரின் அகலம் 255 மி.மீ.; அதில் 65 சதவீதம், அதாவது 166 மி.மீ., சைடு வாலின் உயரம். 18 என்பது ரிம்மின் அங்குலம். 2020-ல் வந்த மஹிந்திரா தார் (Thar) ஜீப்பின் மேல் ரகத்தில் இந்த அளவுதான். அதே வண்டியின் கீழ் ரகத்தில் வந்தது 245/75 ஆர் 16. அதன் சைடு வால் 184 மி.மீ. மொத்த உயரம் முதலாவதில் 789, இரண்டாவதில் 774. ஆக, டயர் 15 மி.மீ. குட்டையானாலும் அடி தாங்கும் ரப்பர் 18 மி.மீ. கூடிவிடுகிறது. மாறாக, அதே 789 உயரத்துக்குள் 20 அங்குல ரிம்மைத் திணித்தால் சைடு வால் 140-க்கு இறங்கிவிடும். குறைந்த விலை ரகத்தில் வரும் வீல்தான் சொகுசானது என்று சொன்னால் ஷோரூமில் யாரும் நம்ப மாட்டார்கள். பள்ளத்தில் இறங்கினால் தெரியும்.

சின்ன ரிம்முக்கு மாறும்போது நாலு விஷயம் பார்க்க வேண்டும். பிரேக் காலிப்பர் ரிம்மின் உள்பக்கம் இடிக்கக் கூடாது. போல்டு எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் அளவும் பொருந்த வேண்டும். மாருதி ஜிம்னிக்கு 5 போல்டு, 139.7 மி.மீ. வட்டம். வீலின் நடு ஓட்டை ஹப்பில் (வீல் மாட்டும் நடுப்பகுதியில்) லூசாக உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் எத்தனை தடவை பேலன்ஸ் செய்தாலும் ஸ்டியரிங் நடுக்கம் போகாது. நாலாவது ஆஃப்செட், அதாவது வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்பது. வீல் வெளியே துருத்தி நிற்பது கம்பீரம் என்று ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு போடுகிறார்கள். வீல் வெளியே தள்ளத் தள்ள பேரிங்கின் மேல் பாரம் கூடுகிறது. ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினால் ஸ்டியரிங் கையை உதறுகிறது. மணிக்கட்டு வலிக்கிறது என்பவர்களின் வண்டியில் முதலில் ஸ்பேசர் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான். அதனால் அதே மாடலின் வேறு ரகத்துக்குக் கம்பெனியே கொடுத்த அளவுக்குள் நிற்பது நல்லது. ஜிம்னிக்கு வரும் 195/80 ஆர் 15 ஏற்கெனவே நல்ல அளவு; அதைத் தொடவே வேண்டியதில்லை. அதில் 235/75 ஆர் 15 போட்டால் உயரம் 40 மி.மீ. கூடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஒரு மேட்டில் ஏற்றினால் டயர் மட்கார்டில் உரசும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். பிக்கப்பும் குறையும், மைலேஜும் குறையும்.

அடுத்தது பட்டன். எச்.டி. (H/T) என்பது தார்ச் சாலைக்கு, ஏ.டி. (A/T) எல்லாவற்றுக்கும், எம்.டி. (M/T) சேற்றுக்கு. நம் பக்கம் எம்.டி. டயருக்கு வேலையே இல்லை என்பது எங்கள் கருத்து. அதன் ஆழமான பட்டன் சேற்றைப் பிய்த்து எறிவதற்காகச் செய்தது. மணலில் அது மண்வெட்டி மாதிரி தோண்டிக்கொண்டு கீழே போகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60 தாண்டினால் ஊளைச் சத்தம். ஐப்பசி மழையில் ஈரத் தார் மேல் பிரேக் பிடித்தால் வழுக்கல். நம் மாவட்டத்து மணல், கிராவல், கண்மாய்க்கரைப் பாதை எல்லாவற்றுக்கும் ஏ.டி. தாராளம். வருடத்தில் பெரும்பாலும் தார்ச் சாலையிலேயே ஓடும் வண்டிக்கு, கம்பெனி கொடுத்த எச்.டி.யே போதும்.

ஏ.டி.யிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரே அளவில் சாதாரண ரகமும் உண்டு, எல்.டி. (LT) என்று போட்ட லாரி ரகமும் உண்டு. எல்.டி.யில் சைடு வால் தடித்து விறைப்பாக இருக்கும், எடையும் கூடும், அதே பாரத்தைத் தாங்க அதில் காற்றும் கூடுதலாக வைக்க வேண்டும். கூர்ங்கல் பாதையில் பாரத்தோடு தினமும் ஓடுகிற பிக்கப் வண்டிக்கு அது சரி. இரண்டு பேர் போகிற ஜீப்புக்கு அது போட்டால் மாட்டு வண்டிதான். "10 பிளை, நல்ல ஸ்ட்ராங் சார்" என்று கடையில் சொன்னால், பாரக் குறியீட்டைப் பாருங்கள். அளவுக்குப் பின்னால் 109 என்றிருந்தால் ஒரு டயர் 1,030 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120 கிலோ. கம்பெனி டயரில் உள்ள எண்ணுக்குக் குறையாமல் இருந்தால் போதும். அதற்கு மேல் ஏற ஏற சொகுசு குறையும். கூடவே தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். நாலு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். நம் ஊர் வெயிலில் ரப்பர் சீக்கிரம் இறுகிவிடும். பட்டன் அப்படியே இருந்தாலும், பழைய டயர் கட்டை மாதிரிதான் ஓடும்.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் காற்று. அதற்குச் செலவும் இல்லை. டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். வண்டிக்கு எவ்வளவு காற்று என்று அதில் போட்டிருக்கும். டயரின் மேல் எழுதியிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்று அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "எல்லா வண்டிக்கும் 35" என்று அடிக்கும் பழக்கமும் இருக்கிறது. 5 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கூடிப்போனாலே வண்டி துள்ளும். பட்டன் நடுவில் மட்டும் தேயும். காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். மதியம் ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை ஓடி வந்த டயரில் 4 பி.எஸ்.ஐ. வரை கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால் மறுநாள் காலை காற்று குறைந்திருக்கும். இதையே ஒரு சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். அரை மணி ஓட்டத்துக்குப் பிறகு 6-க்கு மேல் ஏறியிருந்தால் காலையில் வைத்த காற்று குறைவு, டயர் அதிகம் மடங்கிச் சூடாகிறது. 2 மட்டுமே ஏறியிருந்தால் காற்று அதிகம். நைட்ரஜன் அடித்தால் சொகுசு கூடும் என்பதில் உண்மையில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

குண்டும் குழியுமான கிராவல் பாதையில் கொஞ்ச தூரம் போக வேண்டியிருந்தால், ஸ்டிக்கரில் உள்ளதைவிட நாலில் ஒரு பங்கு குறைத்து, 40 கி.மீ. வேகத்துக்குள் ஓட்டுங்கள். உடம்பு அலுங்காது. பாரம் ஏற்றிய பிக்கப்பில் இதைச் செய்யக் கூடாது. ஐஸ் பெட்டியும் மீனும் ஏறிய பின் டயர்களில் காற்று குறைந்தால் சைடு வால் சூடேறி வெடிக்கும். தளர்ந்த மணலில் 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். காற்று இறங்கினால் டயரின் தடம் நீளவாக்கில் கூடி, வண்டி மணலின் மேல் மிதக்கும். 12-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். மணலில் 30 கி.மீ. வேகத்தைத் தாண்ட வேண்டாம், சட்டென ஒடிக்கவும் வேண்டாம். நிறுத்தும்போது பிரேக் மிதிக்காமல் வண்டியைத் தானாக நிற்க விடுங்கள். பிரேக் பிடித்தால் டயருக்கு முன்னால் மணல் மேடு கட்டும், கிளம்பும்போது அதையே ஏற வேண்டியிருக்கும். சக்கரம் ஒரு சுற்று வெறுமனே சுழன்றாலே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். இறங்கி முன்னால் உள்ள மணலை வாரிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பதுதான் வழி. புதைந்த சக்கரத்துக்கு அடியில் சாக்கு போடலாம், தென்னை மட்டை போடலாம். பனை மட்டையை மட்டும் போடாதீர்கள். அதன் கருக்கு, காற்றில்லாமல் பிதுங்கி நிற்கும் சைடு வாலை அறுத்துவிடும். சைடு வால் அறுந்த டயருக்கு மருந்து கிடையாது.

தார்ச் சாலைக்கு வந்ததும் முதல் வேலை மறுபடி காற்று அடிப்பது. 18 பி.எஸ்.ஐ.யோடு 80 கி.மீ. வேகத்தில் போனவர்களின் டயர் உள்பக்கம் பொடிப்பொடியாகத் தேய்ந்திருப்பதை, டயரைக் கழற்றும்போது பார்க்கலாம். 12 வோல்ட் கம்ப்ரஸர் வாங்கினால் பேட்டரியில் கிளிப் போட்டு ஓட்டும் வகையை வாங்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்ன வகை ஜீப் டயருக்கு நெடுநேரம் ஓட வேண்டியிருக்கும், சாக்கெட் பியூஸையும் கொண்டுபோய்விடும்.

கடலோரத்துக்கே உரிய தொல்லை உப்பு. டயர் வந்து உட்காரும் ரிம் விளிம்பில், இரும்பு வீல் என்றால் துருவும், அலாய் என்றால் வெள்ளைப் பொடியும் பிடிக்கும். அந்த வழியாக வாரம் 2, 3 பி.எஸ்.ஐ. கசியும். பங்க்சர் கடையில் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் டயரில் ஓட்டை இருக்காது. ரிம் ஓரத்தில் பொடிக்குமிழி மட்டும் வரும். டயரைக் கழற்றி விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பீட் சீலர் (விளிம்புக் கசிவை அடைக்கும் பசை) தடவி மாட்டினால் தீரும். இரும்பு ஹப்பில் உட்கார்ந்த அலாய் வீல் உப்புக்காற்றில் ஒட்டிப்போய், ஸ்டெப்னி மாற்றும் நேரத்தில் உதைத்தாலும் வராது. கழற்றும்போதெல்லாம் ஹப்பின் வட்ட விளிம்பில் மட்டும் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். போல்டு மரைகளில் தடவக் கூடாது. 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள். இந்தக் கரைக்கு எது நல்லது என்று கேட்டால், வேலை வண்டிக்கு இரும்பு வீல்தான். நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம்; அலாயில் விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடிச் சாலை மேலேயே மணல் ஏறிக் கிடக்கும். அதில் போய் வந்த வண்டி 80-ல் உதறுகிறது என்றால், அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுக்கும் முன் வீலின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு பிடி ஈர மணல் ரிம்முக்குள் ஒட்டிக் காய்ந்திருக்கும். நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவினால் உதறல் போய்விடும்.

சீமைக்கருவேல முள் டியூப்லெஸ் டயரில் குத்தினால் பிடுங்காமல் ஓட்டி, பங்க்சர் கடையில் பிடுங்குவது நல்லது. பட்டன் பகுதியில் மட்டும்தான் பங்க்சர் ஒட்டலாம். ஸ்டெப்னியும் மற்ற நாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 4 சக்கர இழுவை உள்ள இந்த வகை வண்டியில், காய்ந்த தார்ச் சாலையில் 4 எச் (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டாலே கியர் பெட்டி முறுகும்; ஒரு டயர் மட்டும் உயரம் மாறினால் அது இன்னும் கூடும். நாலு புது டயர் வாங்கிவிட்டு ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விடுவது நம் ஊரில் சகஜம்.

மணலில் ஓட்டுவது பற்றிச் சொன்னதெல்லாம் தொழிலுக்காக மணல் பாதையில் போயே ஆக வேண்டியவர்களுக்கு. அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச் சாலை இருக்கிறது. சாதாரணக் கார் போதும். அதை விட்டு இறங்கிக் கடற்கரையில் வண்டி ஓட்டிப் படம் எடுப்பவர்களுக்கு எங்கள் ஆதரவு இல்லை. கடலாமைகள் முட்டையிடும் கரை அது. குஞ்சுகள் டயர் தடத்தில் விழுந்தால் ஏற முடியாது. பூநாரைகளுக்காக 2025-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பகுதியும் அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக ஒரு கோரிக்கை. பெட்ரோல் பங்க்கில் இலவசமாகக் காற்று அடித்துத் தருவது வாடிக்கையாளரின் உரிமை. ராமநாதபுரம்–ராமேசுவரம் சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பல பங்க்குகளில் ஒன்று மிஷின் ஓடுவதில்லை, அல்லது மீட்டர் தப்பாகக் காட்டுகிறது. உப்புக்காற்றில் மீட்டர் கெடுவது இயல்புதான். மாதம் ஒரு முறை நல்ல மீட்டரோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, அந்தத் தேதியை மிஷின் மேல் எழுதி ஒட்டினால் போதும். எண்ணெய் நிறுவன அதிகாரிகளும் மாவட்ட நிர்வாகமும் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்படிக்கு,
டயர், வீல் அலைன்மென்ட் வேலை செய்வோர்,
உச்சிப்புளி.