சோலார் மானியத்துக்கு வரி உண்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டு மாடியில் சோலார் போடுவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மானியம், கடன், மீட்டர் எல்லாம் சொன்னீர்கள். வருமான வரி பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் எங்கள் மண்டபம் ஊர்ப் பக்கம் ஆட்களைத் தயங்க வைப்பதே அதுதான்.

எங்கள் தெருவில் கருவாடு விற்கும் பெண் ஒருவர், 3 கிலோவாட்டுக்கு விண்ணப்பம் போட்டுத் தரச் சொல்லி ஈ.பி. பில்லோடு வந்தார். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார். "அண்ணே, கரண்டு வித்தா இன்கம்டாக்ஸ்ல பேரு ஏறிருமாமே? அப்புறம் மாசம் ஆயிரம் ரூவா நின்னு போச்சுன்னா?" மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 3 கிலோவாட் சோலாருக்கு மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் மானியம் வங்கிக் கணக்கில் விழுந்தால் அதையும் வருமானத்தில் சேர்த்துவிடுவார்களோ என்பது அவர் பயம். அந்த ஆயிரத்தில்தான் அவர் வீட்டுக்கு மளிகை வருகிறது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பகலில் மிஞ்சும் மின்சாரம் நெட் மீட்டர் வழியாக வெளியே போகிறது. ராத்திரி நாம் எடுப்பதில் அது கழிகிறது. பில் குறைவது வருமானம் ஆகாது. கொல்லை முருங்கைக்காயில் குழம்பு வைத்தால் யாரும் வரி கேட்பதில்லையே. கழித்தது போகப் பணமாகவே வந்தால் அது வருமானம்தான். ஆனால் 3 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். வீட்டுச் செலவு போக அதில் என்ன பெரிய தொகை வந்துவிடும்? புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. மின்சாரத்துக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

எல்லாம் கேட்டுவிட்டு, "இது கவர்மெண்டு எழுதிக் குடுத்ததா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

2015இல் கேஸ் மானியத்துக்கு இதே குழப்பம் வந்தது. தனிநபர் நலனுக்காகத் தரும் மானியத்துக்கு வரி இல்லை என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் அப்போது அறிவித்தது. அதேபோல வீட்டு சோலாருக்கும் ஓர் அறிவிப்பு, தமிழில், ஈ.பி. அலுவலகப் பலகையில் ஒட்டும்படி வேண்டும். உரிமைத் தொகையில் கைவைக்க மாட்டோம் என்று மாநில அரசும் எழுத்தில் சொல்ல வேண்டும். ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருப்பவருக்கு, தொழிலுக்குப் போட்ட பேனலின் மதிப்பில் ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தேய்மானமாக, வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்ல ஆடிட்டர் இருக்கிறார். கருவாடு விற்பவருக்கு யார் சொல்வது?

கமுதியில் 2016இலேயே 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்த மாவட்டம் இது. இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. அவருடைய ஈ.பி. பில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மண்டபம்