நூலறைத் திருப்பணி நிறைவு அறிக்கை: மகாகவி உள்ளூரின் பெயரில் ஒரு அறை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

திருவனந்தபுரத்தில் நம் தெருவின் பஜனை மடத்தை ஒட்டிய நூலறைத் திருப்பணி நல்லபடியாக முடிந்து, அறை மறுபடியும் திறந்திருக்கிறது. நன்கொடை, செலவு இரண்டின் தணிக்கை செய்த கணக்கும் இந்த அறிக்கையோடு தனித்தாளாக வருகிறது. அதனால் இங்கே பணத்தை விட்டுவிட்டு, என்ன வேலை நடந்தது, ஏன் அப்படிச் செய்தோம் என்பதை மட்டும் எழுதுகிறோம்.

முதலில் கூரை. ஓடு நகர்ந்த இடங்களில் பல மழைக்காலத்துத் தண்ணீர் இறங்கி, ஓட்டைத் தாங்கும் கழுக்கோல்களின் நுனி உளுத்துப்போயிருந்தது. மூலை உத்தரத்தில் கறையான். ஆசாரி ஏணியில் ஏறி ஒவ்வொரு கோலையும் உளிப்பிடியால் தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் கணீரென்றது, கெட்டது சொத்தென்று அமுங்கியது. உளுத்த பாகத்தை மட்டும் அறுத்தெடுத்துப் புது ஆஞ்சிலி மரத்தை இணைத்து, பழைய ஓடுகளில் உடையாதவற்றைக் கழுவித் திரும்ப வேய்ந்தோம். கூரையைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்று பொதுக்குழுவில் ஒரு கருத்து இருந்தது. ஓட்டுக்கூரையில் வெக்கை மேலே போய்விடும், உள்ளே காற்று ஓடும், ஏட்டுக்கும் தாளுக்கும் அதுதான் நல்லது என்று பெரியவர்கள் சொன்னதைக் குழு ஏற்றது. புது ஓடு வர நாளானதால் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை நம்மை முந்திக்கொண்டது. அத்தனை நாளும் தார்ப்பாய்க்குக் கீழே புத்தகங்களைக் காவல் காத்த இளைஞர்களுக்கு நன்றி.

அப்புறம் ஏடுகள். மென்மையான தூரிகையால் தூசி தட்டி, புல்தைலம் (எலுமிச்சைப்புல் எண்ணெய்) தொட்ட துணியால் ஒவ்வொரு ஓலையாகத் துடைத்தோம். வறண்டு விறைத்திருந்த ஓலை தைலம் பட்டதும் வளைந்து கொடுத்தது. எழுத்து மங்கிய இடத்தில் விளக்குக்கரியைத் தடவித் துடைக்க, கீறல்களில் கரி தங்கி வரிகள் எழுந்து வந்தன. தமிழ், கிரந்தம், மலையாளம் என மூன்று எழுத்திலும் ஏடுகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் புதுக் கயிறு, மேலும் கீழும் பலகை போட்டாயிற்று.

அறைக்கு மலையாள மகாகவி உள்ளூர் எஸ். பரமேஸ்வர ஐயரின் பெயரை வைத்தது ஏன் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

உள்ளூர் 1877-இல் சங்ஙனாசேரி அருகே பெருன்னையில், கேரளத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் இங்கே நம் நகரத்தில் ‘உள்ளூர்’ என்னும் பகுதிதான். தத்துவத்தில் பி.ஏ., பிறகு சட்டம், அதற்கும் பிறகு மலையாளத்திலும் தமிழிலும் எம்.ஏ. திருவிதாங்கூர் அரசுப்பணியில் சேர்ந்து திவான் பேஷ்கார் என்னும் உயர் பதவி வரை உயர்ந்தார். பகலில் வருவாய்த்துறைக் கோப்புகள், மீதி நேரத்தில் ஏட்டுச்சுவடிகள். குமாரன் ஆசான், வள்ளத்தோள், உள்ளூர் என்று மூன்று கவிஞர்களையும் சேர்த்துச் சொல்வது மலையாளத்தில் வழக்கம்.

அவருடைய ‘உமாகேரளம்’ திருவிதாங்கூருக்கு முன்னிருந்த வேணாட்டின் வரலாற்றை எடுத்துக்கொண்ட மகாகாவியம். அந்தக் காலத்தில் செய்யுளுக்கு இரண்டாம் எழுத்து ஒன்றி வரவேண்டுமா என்று மலையாளக் கவிஞர்களிடையே பெரிய வாக்குவாதம் நடந்தது. வேண்டும் என்றார் கேரளவர்ம வலிய கோயித்தம்புரான். பொருளைக் கெடுக்கும் கட்டாயம் எதற்கு என்றார் அவருடைய மருமான் ஏ.ஆர். ராஜராஜவர்மா. உள்ளூர் தம்புரான் பக்கம் நின்றார், காவியத்தையே அந்தக் கட்டோடு எழுதினார். எதுகை கேட்டு வளர்ந்த நம் காதுக்கு அந்த ஓசை உடனே பழகிவிடும். இருந்தாலும், அந்தக் காவியத்தைவிடப் பிற்காலத்துச் சிறு காவியங்களான ‘கர்ணபூஷணம்’, ‘பிங்கள’ ஆகியவற்றில்தான் அவர் கவிஞராக நம்மை நெருங்குகிறார் என்பது குழுவில் பலருடைய எண்ணம். கவசகுண்டலங்களை இந்திரனுக்குக் கொடுக்காதே என்று சூரியன் மகனிடம் மன்றாடுவதும், தெரிந்தே கர்ணன் கொடுப்பதும் ‘கர்ணபூஷண’த்தின் கதை. மலையாளம் படிக்கத் தெரிந்தவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள்.

ஆனால் நாம் அவர் பெயரை வைத்தது கவிதைக்காக அல்ல, ‘கேரள சாகித்ய சரித்திரம்’ என்னும் இலக்கிய வரலாற்று நூலுக்காக. பல ஆண்டு உழைப்பு அது. 1949-இல் அவர் காலமான பிறகுதான் பல்கலைக்கழகம் அதை ஐந்து தொகுதிகளாக அச்சிட்டது. முழு நூலை அச்சில் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை என்பது இன்றும் மனதை உறுத்துகிறது. கேரள இலக்கியம் என்றால் மலையாளம் மட்டும் என்று அவர் எல்லை போடவில்லை. சேரநாட்டுத் தமிழும், கேரளத்தில் எழுந்த சமஸ்கிருத நூல்களும், மலையாளமும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாளமும், ‘பாட்டு’ என்னும் பழைய செய்யுள் வகையும் ஒரே வரலாற்றுக்குள் வருகின்றன. ஒரு பாஷையை மட்டும் படித்தவரால் இதைச் செய்திருக்க முடியாது. தமிழ், சமஸ்கிருதம், மலையாளம் மூன்றையும் மூலத்தில் படித்தவர் என்பதால்தான் அவரால் முடிந்தது.

‘ராமசரிதம்’ இதற்கு நல்ல உதாரணம். ராமாயண யுத்தகாண்டத்தைப் பாடும் பழைய நூல் அது. எழுத்து தமிழ் மரபு, மொழி மலையாளத்தின் பழைய நிலை, கதை வால்மீகியுடையது. தமிழ் எழுத்து வரம்புக்குள் எதுகையும் மோனையும் அமைய வருவதே பாட்டு என்று இலக்கணம் சொல்வதோ ‘லீலாதிலகம்’ என்னும் சமஸ்கிருத நூல். இந்த ராமசரிதத்தின் முதல் பகுதியைத் தேடியெடுத்துப் பதிப்பித்தவர் உள்ளூர். பழைய நூல்களை மண்ணிலிருந்து மீட்கும் அந்தப் பொறுமை அவருடைய எழுத்து முழுக்கத் தெரிகிறது. ஒரு கவியின் காலத்தைச் சொல்ல வேண்டுமானால் கல்வெட்டு, கலியுகத் தொடக்கத்திலிருந்து நாளெண்ணும் கலி தினக் கணக்கு, பிற நூல்களில் வரும் குறிப்பு என்று சான்றுகளை வரிசையாக வைத்துவிட்டுத்தான் முடிவைச் சொல்வார். அவர் சொன்ன காலங்கள் சிலவற்றைப் பின்வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் திருத்த வந்தவர்களும் அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது.

அதனால் அலமாரிகளையும் அவர் வழியிலேயே அடுக்கியிருக்கிறோம். முன்பு தமிழ் ஒரு சுவர், சமஸ்கிருதம் ஒரு சுவர், மலையாளம் வாசல் பக்கம் என்று இருந்தது. இப்போது காலவரிசை. பதிற்றுப்பத்துக்கும் சிலப்பதிகாரத்துக்கும் அடுத்த தட்டுகளில் ராமசரிதம், மணிப்பிரவாளத் தூதுக்காவியமான உண்ணுநீலிசந்தேசம், மலையாள ராமாயணம் பாடிய எழுத்தச்சன். மேல்பத்தூர் பட்டதிரியின் சமஸ்கிருத நூலான நாராயணீயம் எழுத்தச்சனுக்குப் பக்கத்தில். தேடுவதற்கு முதலில் சற்றுக் குழப்பமாக இருக்கும், மொழிவாரிப் பட்டியல் மேசையில் உண்டு.

சரி, மீதியுள்ள வேலை. வடக்குப் பக்க மழைநீர்த் தூம்பு இன்னும் மாற்றவில்லை, துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துவிடுவோம். சாகித்ய சரித்திரத்தின் மூன்றாம் தொகுதி நம் அலமாரியில் இல்லை. யார் வீட்டிலாவது இருந்தால், கிழிந்த பிரதியானாலும் சரி, தந்தால் புது அட்டைக்கட்டு போட்டு வைத்துக்கொள்கிறோம். வீடுகளில் பரணில் கிடக்கும் ஏடுகளையும் கொண்டுவாருங்கள். வேண்டாம் என்று ஆற்றில் விடும் முன் ஒருமுறை எங்களிடம் காட்டிவிடுங்கள். அறைச் சாவி மடத்து அலுவலகத்தில் இருக்கும். மாலை தீபாராதனை முடியும்வரை திறந்து வைக்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு