விண்ட் டனல் நண்பர்களுக்கு நன்றி

பெங்களூர் என்.ஏ.எல். என்ற விமான ஆய்வகத்தில், மாடல்கள் மேல் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் விண்ட் டனலில் வேலை பார்த்த நாட்களை ஒருவழியாக எழுதி முடித்துவிட்டேன். பேரப்பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. நீங்கள் இல்லாவிட்டால் பத்துப் பக்கத்தோடு நின்றிருக்கும். ஆளுக்கொரு கடிதம் எழுதக் கை ஒத்துழைக்கவில்லை, அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

முதல் நன்றி எனக்கும் மூத்த அந்த அண்ணனுக்கு. 1959-இல் தொடங்கிய ஆய்வகம் அடுத்த வருஷம் பெங்களூர் வந்தபோது, ஜெயமகால் ரோட்டில் மகாராஜா அரண்மனையின் குதிரை லாயம்தான் ஆபீஸ். நான் கேள்விப்பட்டதோடு சரி. அவர் போனில் இரண்டு மணி நேரம் சொன்னார். மூச்சு வாங்கியபோதும், "இரு, இன்னும் முடியல" என்றார்.

நான் ஆம்பூரிலிருந்து ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தது 1971-இல். 4 அடி டனல் ஓடத் தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. பெரிய தொட்டிகளில் காற்றை அடைத்துத் திறந்துவிட்டால் ஒலியைப் போல நாலு மடங்கு வேகம் வரை போகும். ஒரு ரன் ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்காக நாள் கணக்கில் மாடலோடு கிடப்போம்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த கன்னட மேஸ்திரி இன்று இல்லை. மாடல் இறக்கையின் முன்விளிம்பில் கார்போரண்டம் என்ற சொரசொரப்பான துகள் ஒட்டுவதை அவரிடம்தான் கற்றேன். இரண்டு டேப்பை இணையாக ஒட்டி, நடுவில் வார்னிஷ் தடவி, காய்வதற்குள் பொடியைத் தூவி, டேப்பை மெதுவாக உரிக்க வேண்டும். "கண்ணை நம்பாதே, விரலால் தடவிப் பார்" என்பார். அவர் மகள் அனுப்பிய போட்டோவில் மேஸ்திரி மாடல் மேல் குனிந்திருக்கிறார். கட்டைவிரல் நகத்தில் அந்த வார்னிஷ் கறை அப்படியே தெரிகிறது. அம்மா, அதைப் பார்த்துவிட்டு அன்று நான் ஒரு வரி எழுதவில்லை.

கணக்குப் பிரிவு அக்காவுக்கு நன்றி. நான் குழப்பிய வருஷங்களையெல்லாம் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தார். நம் நாட்டு எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது 1980 ஜூலை 18. நான் 1981 என்று எழுதியிருந்தேன். அந்த ராக்கெட்டின் மாடலும் நம் டனலில் காற்று வாங்கியதுதானே, அக்காவுக்குக் கோபம் வந்தது நியாயம்.

அப்புறம், எல்.சி.ஏ. என்ற நம் இலகு ரகப் போர் விமானம் முதன்முதலாகப் பறந்த 2001 ஜனவரி 4 காலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி அனுப்பிய தம்பி. விமானம் மேலே போனதுதான் எனக்கு ஞாபகம். அது திரும்பித் தரையைத் தொடும் வரை நம் கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை என்பதை நீ எழுதித்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அதை அப்படியே சேர்த்துக்கொண்டேன்.

மேஸ்திரி மகளுக்கு ஒரு வார்த்தை: போட்டோவைப் பிரதி எடுத்தாயிற்று. தபாலில் அனுப்ப மனசு வரவில்லை. அடுத்த மாசம் முருகேஷ்பாளையா வரும்போது நானே கொண்டுவந்து தருகிறேன்.