வெறும் கல்லு என்று சொன்ன மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

நாம் சேர்ந்து போய்வந்த செஞ்சிக் கோட்டையைப் பற்றிப் போன வாரம் வளைகாப்புப் பந்தியில் நீங்கள் சொன்னது சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. "செஞ்சியில பாக்க என்ன இருக்கு? வெறும் கல்லு. அதுக்குப் போயி நாள் முழுக்கப் பட்டினி." பந்தியே சிரித்தது. வீட்டுக்குள் சொல்லியிருந்தால் வீட்டுக்குள்ளேயே பதில் சொல்லியிருப்பேன். நீங்கள் ஊர் கேட்கச் சொன்னீர்கள், அதனால் நானும் ஊர் படிக்க எழுதுகிறேன். கோபமெல்லாம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, அதுவும் புளிசாதம் பற்றியது.

முதலில் அந்தக் கணக்கை முடித்துவிடுகிறேன். கமலக்கண்ணி அம்மன் கோயில் பக்கத்தில் "முட்டி கேக்கல, நீங்க போய்ட்டு வாங்க" என்று நீங்கள் உட்கார்ந்தபோது பையை உங்களிடம்தான் கொடுத்தோம். ஐந்து பேருக்குப் புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், முறுக்கு. ஜிப்பைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். நீங்கள் முறுக்குக் கவரைப் பிரித்தீர்கள். அந்த மலைக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் கவரின் சரசரப்பு பந்திக்கு இலை போடுகிற சத்தம் மாதிரி. ரெண்டு முறுக்கு தின்றுவிட்டுக் கவரை மடியில் வைத்தபடியே நீங்கள் கண்ணயர்ந்தீர்கள். பை போனதற்குக் குரங்கை எப்படிக் குறை சொல்வது? பட்டினி கிடந்தது நாங்கள் நாலு பேரும்தான். உங்கள் வயிற்றில் ரெண்டு முறுக்காவது இருந்தது. சாயங்காலம் நாலரைக்குப் பரோட்டா சாப்பிட்டோமே, அந்தப் பில்லைக் கட்டியதும் என் வீட்டுக்காரர்தான்.

சரி, கல்லுக்கு வருகிறேன்.

நாங்கள் கடலூர்க்காரர்கள் மாமா. எங்களுக்குத் தெரிந்த மலை கேப்பர் மலை. அது செம்மண் மேடு. மழை பெய்தால் கரைந்து பாதி ரோட்டுக்கு வந்துவிடும். திருவந்திபுரத்தில் ஔஷதகிரிக்கு 74 படி. ஏறிப்போய் ஹயக்ரீவரைக் கும்பிட்டுவிட்டு, மலை ஏறியதாகவே கணக்கு எழுதிக்கொள்வோம். மஞ்சக்குப்பத்தில் எங்கே தோண்டினாலும் மணல். சின்னவனுக்குத் தெரிந்த கருங்கல் இரண்டுதான்: பாட்டி வீட்டு அம்மி, கடலோரத்தில் அலைக்குக் கொட்டி வைத்திருக்கும் கல். அதுவும் லாரியில் வந்தது.

அதனால்தான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உங்களை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் தாண்டி மேற்கே திரும்பியதும் பின்சீட்டில் சத்தம் நின்றுபோனது. நீங்கள் முன்சீட்டில் தேசிங்குராஜா கதை சொல்லிக்கொண்டு வந்தீர்கள். 22 வயசுப் பையன், கையளவு படை, எதிரே ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான், 1714. குரலெல்லாம் ஏற்றி இறக்கி நன்றாகத்தான் சொன்னீர்கள். ஆனால் பிள்ளைகள் இரண்டும் ஜன்னலில். நெல் வயலுக்கு நடுவில் முதலில் ஒரு பாறை, எருமை படுத்திருக்கிற மாதிரி. அடுத்த வயலில் ஒரு வீடு அளவுக்கு. அப்புறம் ஒன்றின்மேல் ஒன்று, அதன்மேல் இன்னொன்று, இப்போதோ அப்போதோ விழப்போகிற மாதிரி. பெரியவள்தான் கேட்டாள், "யாரு இதையெல்லாம் தூக்கி அடுக்கினது?"

கதையை நிறுத்தாமலே "பீமன்" என்றீர்கள். நானும் அப்போது சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அவள் விடவில்லை, தேடிப் படித்தோம். யாருமே தூக்கவில்லை மாமா. அவை எல்லாமே ஒரு காலத்தில் பூமிக்குள் கிடந்த ஒரே பாறை. 250 கோடி வருஷத்துக்கு முன்னால் ஆழத்தில் குழம்பாகக் கிடந்து ஆறி இறுகியது. மேலே இருந்த பாரம் தேய்ந்து போகப் போக, அழுத்தம் குறைந்து குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விட்டது, மைசூர்பாகில் கத்தி போட்ட மாதிரி. மழைத் தண்ணீர் அந்த வெடிப்புகளுக்குள் இறங்கியது. ஒரு கட்டியின் பக்கத்தைத் தண்ணீர் ஒரு பக்கமிருந்துதான் தொடும். மூலையை மூன்று பக்கமிருந்து தொடும். அதனால் முதலில் மூலைதான் மக்கும். சதுரம் மண்ணுக்குள் இருக்கும்போதே உருண்டையாகிவிடுகிறது. பிறகு மழையும் ஓடையும் சுற்றியிருந்த மக்கலை அரித்துக்கொண்டு போக, உருண்டைகள் இருந்த இடத்திலேயே வெளியே தெரிந்தன. பிறந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகராமலே ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன.

அரித்துப் போன அந்த மண் எங்கே போனது தெரியுமா? நிறைய உங்கள் பக்கம்தான். வில்லியனூர்ப் பாலத்துக்குக் கீழே ஓடும் சங்கராபரணியைச் செஞ்சியாறு என்றுதானே நீங்களே சொல்வீர்கள்.

ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கோட்டை மலைகளில் நாங்கள் ஏறிய ராஜகிரி சுமார் 800 அடி. டிக்கெட் வாங்கி ஒன்பது மணிக்கு உள்ளே போனோம். சின்னவன் படி எண்ண ஆரம்பித்து, நானூறில் குழம்பி, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்து, நாவல்பழம் விற்கிற மாதிரி ராகம் போட்டுக்கொண்டு வந்தான். என் வீட்டுக்காரர் பதினைந்து படிக்கு ஒருமுறை "வியூ பாக்கலாம்" என்று நின்றார். அவருக்கு மூச்சு வாங்கியது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

ஆனால் கோயிலுக்கு மேலே இரண்டாவது திருப்பமோ மூன்றாவதோ, அங்கே நீங்கள் இருந்திருக்க வேண்டும். கோட்டை என்றால் எனக்கு மனதில் இருந்தது சுவர். நம் தேவனாம்பட்டினத்தில் செயின்ட் டேவிட் கோட்டையில் மிச்சமிருப்பதும் செங்கல் சுவர்தானே. இங்கே சுவரைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே போனால் ஒரு பெரிய பாறையில் முட்டி நின்றுவிடுகிறது. பாறைக்கு அந்தப் பக்கம் மறுபடி தொடங்குகிறது. இன்னும் மேலே, இரண்டு உருண்டைக்கு நடுவில் ஆள் நுழைகிற சந்து, அதில் மட்டும் நாலு வரிசை கல்லை அடைத்திருக்கிறார்கள். சின்னவன் சொன்னான், "அம்மா, ஓட்டையை மட்டும்தான் இவங்க கட்டியிருக்காங்க."

மாமா, அவன் சொன்னதைவிடச் சரியாக அந்தக் கோட்டையை எனக்குச் சொல்லத் தெரியாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்று மலையையும் சேர்த்து வளைக்கிற சுவர் சுமார் 13 கிலோமீட்டர். கேட்கும்போது மலைப்பாக இருக்கிறது. நேரில் பார்த்தால், கட்டியவன் பாறை விட்டுவைத்த இடைவெளியைத்தான் நிரப்பிக்கொண்டு போயிருக்கிறான் என்று தெரிகிறது. சிவாஜி 1677-ல் பிடித்த பிறகு அதே வேலைதான் இன்னும் பலமாக நடந்தது. அதை நம்பித்தான் அவர் மகன் ராஜாராம் அங்கே வந்து உட்கார்ந்தார். ஔரங்கசீப்பின் படை 1690-லிருந்து 1698 வரை கீழே கூடாரம் போட்டுக் காத்துக்கிடந்தது. எட்டு வருஷம்! நீங்கள் வெறும் கல்லு என்று சொன்னது அந்தக் கல்லைத்தான்.

இதில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. நம் தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-ல் ஆங்கிலேயர்களுக்கு விலைக்குக் கொடுத்தது செஞ்சியில் இருந்த அந்த மராட்டியர்கள்தான். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள நிலமும் சேர்த்தி என்று பேச்சு. அப்படிக் குண்டு விழுந்து வெள்ளைக்காரனிடம் போன கிராமங்கள் கடலூரைச் சுற்றி இருக்கின்றன. சில்வர் பீச்சில் சுண்டல் வாங்கித் தின்கிற நாங்கள் இத்தனை நாள் இந்த மலையை ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

நீங்கள் உடனே சொல்வீர்கள், தெரியும்: "எட்டு வருஷமா? எங்க பிரெஞ்சுக்காரன் 1750-ல ஒரே ராத்திரியில புடிச்சான்." ஆமாம், பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடித்தார். கல்லு அதேதான், காவல்தான் மாறிப்போயிருந்தது.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை இரண்டாகப் பிளந்திருக்கிறது. அகலம் 24 அடி, ஆழம் 60 அடி என்று கணக்கு. இயற்கையாக இருந்த பிளவு போதாதென்று வெட்டி ஆழமாக்கியிருக்கிறார்கள். அதன்மேல் ஒரு பாலம். அந்தக் காலத்தில் இழுத்துக்கொள்கிற மரப்பாலம். அதை எடுத்துவிட்டால் உச்சிக்குப் போக வேறு வழி கிடையாது. பெரியவள் பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தாள், என் கையை இறுக்கிப் பிடித்தாள், ஆனால் நகரவில்லை. பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேலே ஏறச் சொன்னாலே தலை சுற்றுகிறது என்பவள் அவள்.

மேலே காற்று. துப்பட்டாவை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, தானியக் களஞ்சியம், ஒரு பீரங்கி எல்லாம் இருக்கின்றன, பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் அதையெல்லாம் விட்டுவிட்டு விளிம்பிலிருந்து தள்ளி ஒரு சாய்ந்த பாறையில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். கீழே கல்யாண மகால் தீப்பெட்டி அடுக்கின மாதிரி. வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி, நடுவில் சுவர் ஒரு கோடு. நெல், ஏரி, பஸ் போகிற ரோடு. மேற்கே மங்கலாக ஒரு மலை தெரிந்தது. வீட்டுக்காரர் அது அண்ணாமலை என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

அங்கிருந்து உங்களையும் தேடினோம். வெள்ளைச் சட்டை ஒன்று கோயில் பக்கம் தெரிந்ததாகச் சின்னவன் சத்தியம் பண்ணினான். "மாமா!" என்று கத்தினான். அப்போதுதான் பை போய்க்கொண்டிருந்திருக்கும்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம், இதை ஒத்துக்கொள்கிறேன். பதினொன்றரைக்கு மேல் பாறையில் கை வைக்க முடியவில்லை, தைமாத வெயிலுக்கே அப்படி. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும் என்று நினைத்தது என் தப்பு. இரண்டு வேண்டும், மேலே வாங்க இடமில்லை. வழுக்காத செருப்பு வேண்டும். மத்தியானத்துக்கு மேல் உச்சிக்கு விடமாட்டார்கள், அதனால் காலையிலேயே போய்விட வேண்டும். பந்தியில் உங்கள் பேச்சைக் கேட்டு யாராவது போகாமல் இருந்துவிட்டால் என்னாவது என்றுதான் இதையும் எழுதுகிறேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்தது இது ஒன்றுதான். அந்தச் செய்தியை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதே நீங்கள்! "பெருமை" என்று எழுதி மூன்று கைதட்டல் வேறு.

இன்னொன்று. தினமும் சாயங்காலம் பீச் ரோட்டில் நடந்துவிட்டுக் காந்தி சிலைப் பக்கம் நின்று கால் உதறுவீர்கள். சிலையைச் சுற்றி உயரமாக, செதுக்கலோடு தூண்கள் நிற்கின்றனவே, ஒன்றில் சாய்ந்துகொண்டுதான் போன தடவை எனக்குப் போன் பண்ணினீர்கள். அந்தத் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை மாமா. பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தது. நீங்கள் ஏறாத மலை உங்கள் முதுகுக்கே வந்து நின்றிருக்கிறது. பெரியவளிடம் சொன்னதும், அடுத்த தடவை வரும்போது சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்க்க வேண்டும், உள்ளே அந்த மலைக் கல்லேதான் இருக்கிறதா என்கிறாள். போலீஸ் பிடிக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் முட்டி நிஜமாகவே வலிக்கிறது என்பது எனக்குத் தெரியும். படி இறங்கி வந்தபோது நீங்கள் எழுந்திருக்கப் பட்ட பாட்டைப் பார்த்தேன். அதனால் மாசி பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவக்கரைக்குப் போகலாம் என்று இருக்கிறோம். உங்களுக்கும் பக்கம். ஏற்றமே கிடையாது. அங்கே சங்கராபரணிக் கரையில் கல்லாகிப் போன மரங்கள் தரையில் கிடக்கின்றன, 2 கோடி வருஷத்துக்கு முந்தியவை. அவை கிடக்கும் மண்ணடுக்குக்குப் பெயரே கடலூர் மணற்கல், எங்கள் ஊர்ப் பெயர்தான். வக்கிரகாளியம்மன் கோயிலும் இருக்கிறது, அத்தையும் வருவார்கள்.

பை அத்தையிடம் இருக்கும். நீங்கள் கையை வீசிக்கொண்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்