வாசல் பாலத்துக்குக் குழாய் போடும் முன்

தென்காசி,
ஆவணி மாதம்.

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதமும் வீட்டுப் படங்களும் கிடைத்தன. தங்கச்சி ஆசைப்பட்டபடி மாடிப்படிக்கு அடியில் அலமாரி வைத்திருப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரிக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லாரும் சுகம். சின்ன மகள் பிரசவத்துக்கு வந்து இன்னும் இங்கேதான் இருக்கிறாள். பேரன் பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி முழுக்க முழித்திருக்கிறான்.

மற்றதை அப்புறம் எழுதுகிறேன். வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓடை போகிறது, ஆறு அங்குல பிவிசி குழாய் இரண்டைப் போட்டு மேலே மண்ணைத் தள்ளிவிடலாம் என்று கொத்தனார் சொல்கிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். தயவுசெய்து அதைச் செய்யாதே.

2023 டிசம்பர் மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்று, அத்தனை பயணிகளும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய படத்தை நீயும் பார்த்திருப்பாய். இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைத் தாங்கிய மண்தான் போய்விட்டது. நெடுஞ்சாலையில் சாலை ஆய்வாளராக இருந்த காலமெல்லாம் நான் பார்த்ததும் இதுதான். பாலம் உடைந்துவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் குழாய் முழுசாகக் கிடக்கும், சுற்றியிருந்த மண் இருக்காது. அதனால் குழாய்க்கு எவ்வளவு செலவு செய்கிறாயோ, அதே அளவு அக்கறையை அதைச் சுற்றிப் போடுகிற மண்ணுக்கும் காட்ட வேண்டும்.

முதலில் அளவு. உன் வீட்டுக்கு மேற்கே, தண்ணீர் வருகிற பக்கம், அந்த ஓடையின் மேல் அடுத்ததாக எந்தப் பாலம் இருக்கிறது என்று நடந்து போய்ப் பார். அதன் கண், அதாவது தண்ணீர் போகிற திறப்பு, எவ்வளவு பெரிதோ, அதைவிடச் சின்னதாக நீ போடக் கூடாது. சின்னதாகப் போட்டால் தேங்குகிற தண்ணீர் உன் வீட்டுக்குள் வராது, மேற்கே இருக்கிறவர்களின் அடுப்படிக்குள் போகும். புதிதாகக் குடிவந்த இடத்தில் அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

இரண்டு குழாய் போட்டால் இரண்டு மடங்கு தண்ணீர் போகும் என்ற கணக்கையும் விட்டுவிடு. ஒரே சரிவில் 300 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 450 போட்டால் ஏறக்குறைய மூன்று மடங்கு தண்ணீர் போகும். 600 போட்டால் ஆறு மடங்குக்கும் மேல். சின்னக் குழாய்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், மழையில் உருண்டு வருகிற முள்ளும் பனையோலையும் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டையும் அடைத்துவிடும்.

சிமெண்ட் ஹியூம் பைப்பே வாங்கு. ஆஸ்திரேலியாவில் வால்டர் ஹியூம் 1910-ல் கண்டுபிடித்த முறை அது. அச்சை வேகமாகச் சுழற்றி கான்கிரீட்டை இறுக்குகிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அதை நம்பித்தான் ரோடு போடுகிறோம். குழாய் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்குத் தரம் உண்டு, கடையில் என்.பி.3 என்று கேள். என்.பி.2 விலை குறைவு, ஆனால் லேசான வண்டிகளுக்குத்தான் ஆகும். உன் வாசலுக்கு மணல் லாரியும் தண்ணீர் லாரியும் வரத்தானே செய்யும். இரண்டரை மீட்டர் நீளக் குழாய் இரண்டை முனையோடு முனை சேர்த்துப் போட்டால் போதும். 450 அளவில் ஒரு குழாயே முக்கால் டன் கிட்ட வரும், ஜேசிபி வைத்துத்தான் இறக்க வேண்டும். ஆளை வைத்து உருட்டினால் கை கால் நசுங்கிவிடும்.

ஓடையின் ஆழத்தையும் பார்த்துக்கொள். 450 குழாய்க்கு வெளிவிட்டம் மட்டும் இரண்டு அடி, மேலே குறைந்தது ஓர் அடி மண் வேண்டும். மூன்று அடிக்குக் குறைவான ஓடை என்றால் குழாயே வேண்டாம். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி மேலே கம்பி கட்டிய சிலாப்பைத் துண்டு துண்டாக வார்த்துப் போட்டுவிடு. தூர் வார வேண்டும் என்றால் தூக்கி வைத்துவிட்டு வாரலாம்.

குழாய்தான் என்று முடிவானால், படுக்கையை நீயே நின்று பார். தரையை மட்டம் செய்து அரை அடிக்குச் சரள் போட்டு திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கச் சொல். சரிவு நூற்றுக்கு ஒன்று இருந்தால் நல்லது. ஐந்து மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் என்று, தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாய் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் வெளியேறுகிற கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், குழாயின் அகன்ற வாய் தண்ணீர் வருகிற பக்கம் இருக்க வேண்டும்.

இனிமேல் சொல்வதை மறந்துவிடாதே. உங்கள் பக்கம் கிடைப்பதெல்லாம் தேரி மண். பார்க்கச் சிவப்பாக அழகாக இருக்கும், கையில் பிடித்தால் விரலிடுக்கில் வழிந்துவிடும். அதைக் குழாயைச் சுற்றிப் போட்டால் முதல் மழையே கரைத்துக்கொண்டு போய்விடும். பிடிப்புள்ள சரள் மண்ணாகக் கொண்டுவரச் சொல். அரை அடி போட்டு, நனைத்து, குத்தி, அதன்மேல் அடுத்த அரை அடி. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் குழாய் நகர்ந்துவிடும். குழாயின் அடிவயிற்றில், கை எட்டாத அந்த இடுக்கில், குச்சியால் குத்திக் குத்தி மண்ணை அடைக்க வேண்டும். ஆட்கள் சலித்துக்கொண்டு விட்டுவிடுகிற இடம் அதுதான், தண்ணீர் வழி கண்டுபிடிக்கிற இடமும் அதுதான். கரையில் நண்டு வளை இருந்தால் தோண்டி அடைத்துவிட்டு வேலையைத் தொடங்கு.

இரண்டு முனையிலும் கருங்கல்லில் முகப்புச் சுவர் கட்டு, அஸ்திவாரம் ஓடைத் தரைக்குக் கீழே ஆழமாகப் போகட்டும். வெளியேறுகிற பக்கத்தில் தரையில் கல் பாவ வேண்டும், அங்கேதான் தண்ணீர் விழுந்து பள்ளம் பறிக்கும்.

நம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் இருக்கிற பாலத்தை இப்போதுதான் சரி செய்தார்கள். ரோட்டில் குறுக்கே ஒரு பள்ளம் விழும், தாரைப் போட்டு மூடுவார்கள், அடுத்த ஐப்பசியில் மறுபடி விழும். வருஷா வருஷம் இதே கதை. இந்த முறை தோண்டினபோது நானும் போய் நின்றேன். குழாய் இரண்டும் ஒரு விரிசல் கூட இல்லாமல் இருந்தன. சேரும் இடம் மூன்று விரற்கடை விலகி, அந்த இடைவெளி வழியாகச் சீமைக்கருவேல வேர் சடைசடையாக உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. மேலே ரோட்டுக்கு அடியில் ஒரு ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரிய பொந்து. மழைக்கு மழை அந்த இடுக்கு வழியாக மண் குழாய்க்குள் இறங்கி ஓடையோடு போயிருக்கிறது. மேலே தார் போட்டு என்ன பிரயோஜனம்? இப்போது குழாயைத் தூக்கி, அடியில் கான்கிரீட் படுக்கை போட்டு, சேர்க்கிற இடத்தில் வளையம் மாட்டிப் பூசியிருக்கிறார்கள். வேலை செய்த பையன்கள் நேர்த்தியாகச் செய்தார்கள், பார்க்கவே மனசுக்கு நிறைவாக இருந்தது.

உன் பாலத்திலும் மேலே பள்ளம் தெரிந்தாலோ, குழாய்க்கு வெளியே தண்ணீர் கசிந்தாலோ, மண்ணைக் கொட்டி மூடிவிடாதே, உடனே தோண்டிப் பார். வருஷம் ஒரு முறை, புரட்டாசிக்குள், தூரை வாரிவிடு.

ரோடு யாருடையது என்று விசாரித்துக்கொள். நெடுஞ்சாலை என்றால் உதவிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கு, ஊராட்சி ரோடு என்றால் ஊராட்சியில்.

ஓடையின் அகலம், ஆழம், 2023-ல் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, மேற்கே உள்ள பாலத்தின் கண் அளவு, இந்த நாலையும் அளந்து அனுப்பு. கொத்தனாரிடம் கொடுக்க நான் ஒரு படம் போட்டு அனுப்புகிறேன். குழாய் இறக்குகிற நாளை முன்கூட்டியே சொன்னால் நானும் வந்துவிடுவேன். செங்கோட்டை பாசஞ்சரில் திருநெல்வேலி வந்து, அங்கிருந்து திருச்செந்தூர் ரயிலைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் உன் வீட்டில் இருக்கலாம். தங்கச்சியிடம் சொல்லிவை. மகனுக்கு வேலை மாற்றம் கிடைத்ததா என்றும் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்