பூமலையின் ரப்பர் கதையைத் தமிழிலும் சொல்லலாமே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் வலி வந்தபிறகு பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு, போவது குறைந்துவிட்டது. அதற்குப் பதிலாகக் கைப்பேசியில் மெய்நிகர் உலாக் காணொளிகள் பார்க்கிறேன். பேத்தி பழக்கிவிட்டது. அன்னக் குளம், 1930ல் கட்டிய இசைமேடை, ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரம், ஊஞ்சலாடும் பெண்ணின் வெண்கலச் சிலை எல்லாமே நன்றாகத் தெரிகின்றன. பலமுறை ஏறி இறங்கிய படிக்கட்டின் செங்கற்களில் அம்புக்குறி இருப்பதையே இதில்தான் பார்த்தேன். ஜப்பானியர் காலத்தில் ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் செய்த கற்களாம்.

குறை ஒன்றுதான். நான் பார்த்தவற்றில் ரப்பர் பகுதி வந்த வேகத்தில் போய்விடுகிறது. 1877ல் லண்டன் கியூ தோட்டத்து நாற்றுகள் இங்கே வந்தன, 1888ல் பூமலையின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ரிட்லி மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார், அப்புறம் ஆர்க்கிட் பூக்கள். அவ்வளவுதான். மலாயா முழுக்கத் தோட்டங்கள் எழும்பியதும், அங்கே வேலைக்கென்று நம் ஆட்கள் கப்பலேறி வந்ததும் அந்தப் பால்மரத்தால்தானே? 2015ல் யுனெஸ்கோ பூமலையை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தபோது ரப்பர் ஆராய்ச்சியையும் ஒரு காரணமாகச் சொன்னது.

என் அம்மா ஜொகூரில் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர். விடியுமுன்பே நெற்றி விளக்கோடு கிளம்பிவிடுவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். முந்தைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாக உளியை இழுப்பார். பட்டை மெல்லிசாகச் சுருண்டு விழும், வெட்டு வழியே பால் இறங்கி மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டும். உளி கொஞ்சம் ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டு முண்டாக வீங்கிவிடும், பிறகு அங்கே சரியாக வெட்ட முடியாது. கங்காணியின் ஏச்சு வேறு. ரிட்லி வகுத்துக் கொடுத்த முறை இதுதான். காணொளியில் அதற்கு ஒரு வரி. கை பழக மாதக்கணக்காகும்.

தமிழ் விளக்கத்தோடு ஓர் உலா தயாரிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். பேசுவது நிதானமாக இருக்கட்டும், எழுத்தும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்; என் வயதுக்காரர்களும் பார்ப்போம். ரப்பர் பகுதியை மட்டும் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களே தங்கள் வாயால் சொல்லட்டும். பூமலை மரத்தில் உளி வைக்கச் சொல்லவில்லை. ஜொகூரில் ஏதாவது ஒரு தோட்டத்தில் படம்பிடித்துச் சேர்த்தால் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடத்தோடு சேர்த்துக் காட்டலாம், முதியோர் நிலையங்களிலும் போடலாம்.

உளி பிடித்துக் காட்ட ஆள் தேவையென்றால் எங்கள் புளோக்கிலேயே இருவர் இருக்கிறார்கள். இருவருக்கும் எண்பது தாண்டிவிட்டது, சீக்கிரம் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தோ பாயோ வாசகி